பேரண்டமும் ஒரு தபால்காரரின் ஐயமும்

சங்க இலக்கியம் நடத்தும் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஒரு நாளேனும் கடினமான நாளாக அமைந்துவிடும். நமக்கு அது பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடலை (194) வகுப்பில் எடுக்கும் நாள். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. மற்றொரு வீட்டில் மணமுழவு அதிர்கிறது. ஒருத்தி பூச்சூடி நிற்கிறாள். இன்னொருத்தி கண்ணீர் ஓயாது நிற்கிறாள். இப்படியோர் உலகைப் படைத்தவனிடம் பண்பென்பதே இல்லை என்று புலவர் குற்றம் சாட்டுகிறார்.

2024 ஆகஸ்டில் இப்பாடலை நடத்தியபோது கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, படைச்சவனைத் திட்டுறார்னா, படைச்சவன் ஒருத்தன் இருக்கான்னு புலவர் ஒத்துக்கிறார்தானே?" வகுப்பு சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் இன்னொருவர் சொன்னார்: "அதைப் புலவர் வேற சொல்லணுமாய்யா? ராத்திரி மேல பார்த்தாலே தெரியலையா? இவ்வளவு பெரிசு தானா வந்திருக்குமா?"

பாடலை விட்டு விலக வேண்டாம் என்று சொல்லி இத்தகைய வினாக்களைக் கடந்துவிடுவது நம் வழக்கம். அன்று அவ்வாறு செய்ய இயலவில்லை. ஆறு மாதங்களுக்கு முன்னரே இதே வினாவை, முற்றிலும் எதிர்த்திசையிலிருந்து, நம் தந்தையார் எழுப்பியிருந்தார். அவருக்கும் நாம் அன்று வரை விடை சொல்லியிருக்கவில்லை.

*

அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் தபால்காரராக இருந்தவர். காரிமங்கலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் எந்தப் பெயருக்கு எந்த வீடு, எந்த வீட்டில் அதே பெயரில் இருவர் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஊர்ப் பெயரும் அப்பன் பெயரும் மட்டும் எழுதிய கடிதத்தைக் கூட உரியவர் கையில் சேர்த்துவிடுவார். ஓய்வுபெற்ற பின் அவருடைய ஒரே ஒழுங்கு திங்கட்கிழமைதோறும் மலையேறி அருணேசுவரர் சந்நிதியில் விளக்கேற்றுவது.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதுற்ற பின் அந்த விளக்கு ஒரு வேண்டுதலாக மாறியது. வாரத்தில் இரு நாள் தருமபுரிக்கு இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்வோம். திங்கட்கிழமை மட்டும் அப்பா உடன் வரமாட்டார், மலைக்குப் போவார். இரண்டரை ஆண்டுகள் இப்படி நடந்தது. 2023 ஐப்பசியில் அம்மா மறைந்தார்.

அடுத்து வந்த தை அமாவாசையன்று ஒகேனக்கல்லில் காவிரிக்கரையில் நீர்க்கடன் செய்துவிட்டு வந்தோம். மறுநாள் 2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை. வீட்டில் அடைந்து கிடக்கும் அப்பாவை எங்கேனும் அழைத்துச் செல்லலாமென்று எண்ணியபோது காவலூர் நினைவுக்கு வந்தது. கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைக்குள் சென்றால் வரும் சிற்றூர். இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள வானாய்வகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டுவார்கள்.

காவலூரைப் பற்றி நம்மவர்களில் பலர் அறிந்திருப்பதில்லை என்பதால் இரண்டொரு சொல். வைணு பாப்பு என்னும் வானியலறிஞர் தேர்ந்தெடுத்த இடம் அது. 1968இல் 38 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் நிலாவான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வை அவ்வாண்டே அதன்வழிப் பதிந்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோளின் வளையங்களை உலகுக்குக் காட்டிக்கொடுத்த மறைப்பு நிகழ்வைப் பதிந்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் தொடங்கி வைக்கப்பட்டு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அன்று நிலவில்லை. குளிர் இருந்தது. பார்வையாளருக்கான சிறு தொலைநோக்கியில் வியாழனைக் காட்டினார்கள். வெளிறிய வட்டம், அதன் மேல் மங்கலான பட்டைகள், அருகே ஒரே கோட்டில் ஒளிப்புள்ளிகளாய் நிலாக்கள். அப்பா நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். விளக்கம் சொன்ன இளைஞர், இந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஆகிறது என்றார். பிறகு வடமேற்கில் தாழ்ந்திருந்த மங்கல் திட்டு ஒன்றைச் சுட்டி, அது ஆண்ட்ரோமெடா என்னும் வேறொரு விண்மீன் மண்டலம், அதன் ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகளாகின்றன என்றார். நம் பால்வீதியில் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருக்கும் என்றும், அதுபோன்ற மண்டலங்கள் எண்ணி மாளாதவை என்றும் தொடர்ந்தார்.

திரும்பும் வழியில் ஆலங்காயம் தாண்டும் வரை அப்பா பேசவில்லை. பிறகு கேட்டார்.

"ஏன் கண்ணு, இவ்வளவு பெரிசா வச்சிருக்கிறவனுக்கு நம்ம விலாசம் எப்படித் தெரியும்?"

நாம் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தோம். விடை சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை அப்பா மலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த திங்களும் போகவில்லை.

*

மாணவர் கேட்டதும் அப்பா கேட்டதும் ஒரே வானத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விகள். ஒருவருக்கு அந்தப் பருமை படைத்தவனின் கையெழுத்து. மற்றவருக்கு அவன் நம்மை மறந்துவிட்டதற்கான அறிகுறி. ஒரே சான்று இரு கட்சிக்கும் சாட்சி சொல்லுமானால் அந்தச் சாட்சியைச் சற்று விசாரிக்கத்தான் வேண்டும்.

முதலில் மாணவரின் வாதம். அண்டம் பெரிது, ஆகவே படைத்தவன் உண்டு என்றால், அண்டம் பெரிதாகுந்தோறும் அவன் இருப்புக்கான சான்றும் வலுப்பெற வேண்டும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பால்வீதியே முழு அண்டம் என்று கருதிய வானியலறிஞர் பலர் இருந்தனர். 1923இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடாவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டு, அதைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டார். அது நம் மண்டலத்துக்கு வெகு அப்பால் உள்ளதென்று 1925 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அன்றோடு அண்டம் பன்மடங்கு பெருத்தது. அன்றோடு கடவுளுக்கான சான்றும் பெருத்ததா? 2016இல் ஓர் ஆய்வுக்குழு, காணத்தக்க அண்டத்தில் 2 லட்சம் கோடி விண்மீன் மண்டலங்கள் இருக்கலாமென்று கணித்தது. 2021இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவுக்கும் அப்பாலிருந்து வானத்தின் இருளை அளந்து அனுப்பிய தரவைக் கொண்டு அவ்வெண்ணிக்கை மிகக் குறைவாகவே இருக்கலாமென்று சொன்னார்கள். அந்த ஐந்தாண்டுகளில் படைத்தவன் இளைத்தானா? எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் ஒன்றின்மேல் நம்பிக்கையைக் கட்டுவது மணல்மேட்டில் வீடு கட்டுவதற்கு ஒப்பாகும்.

நம் முன்னோர் இவ்விடத்தில் நம்மினும் தெளிவாக இருந்தார்கள் என்பது நம் துணிபு. மணிவாசகரின் திருவண்டப்பகுதியை எண்ணிப் பாருங்கள். அண்டத்தின் உருண்டைகளை நூற்றொரு கோடிக்கும் மேலாக விரித்துச் சொல்கிறார். சொல்லிவிட்டு, அவையெல்லாம் வீட்டுக்குள் நுழையும் வெயிற்கதிரில் மிதக்கும் நுண்தூசு போலச் சிறிதாகிவிடும்படி இறைவன் பெரியவன் என்கிறார். இங்கே வாதத்தின் போக்கைக் கவனிக்க வேண்டும். அண்டம் பெரிதென்பதால் இறைவன் உண்டென்று அவர் சொல்லவில்லை. இறைவனை முன்பே உணர்ந்தவர், அவன் பெருமைக்கு ஓர் அளவுகோல் தேடி, கைக்கெட்டிய மிகப் பெரிய பொருளாகிய அண்டத்தை எடுத்துக்கொள்கிறார். அதுவும் போதவில்லை என்று கண்டு தூசாக்கிக் கீழே வைக்கிறார். பருமை அங்கே சான்று அன்று, உவமை.

சான்று வேண்டுமென்று இறங்கியவர் மெய்கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பா உலகின் அளவைத் தொடவேயில்லை. ஆண், பெண், அஃறிணை எனப் பகுத்துச் சுட்டப்படும் உலகம் தோன்றியும் நின்றும் ஒடுங்கியும் வருவதால் அதற்கொரு வினைமுதல் வேண்டும். எல்லாம் ஒடுங்கிய பின்னும் எஞ்சி நிற்பவன் எவனோ அவனே முதல்வன் என்பது அதன் சாரம். சைவ நூலோர் இதை விளக்கக் குடத்தை எடுத்துக்காட்டுவர். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். குயவன் வேண்டுமென்பது குடத்தின் பருமையால் வருவதன்று. தண்ணீர்ப் பானைக்கும் குயவன் வேண்டும், அகல் விளக்குக்கும் வேண்டும். அண்டம் நம் தாலுகா அளவே இருந்திருந்தாலும் மெய்கண்டாரின் வாதம் ஓர் இழை குறையாமல் நிற்கும்.

அவ்வாதம் மறுக்கப்படாததும் அன்று. உலகம் குடம்போல ஒரு நாளில் வனையப்பட்டது என்பதையே ஏற்காதவர் சமணர். தோற்றமே இல்லாத உலகுக்குத் தோற்றுவித்தவன் எதற்கு என்பது அவர்கள் வினா. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்பர் ஆட்சியில், தகடூரில் சமணப் பள்ளி எடுக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. நம் வீட்டிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவு. சமணர் கற்பித்த உலகமும் சிறியதன்று. எண்ணிச் சோரும் அளவுக்குப் பெரியது. பரிபாடலின் இரண்டாம் பாடல் கற்பனைக்கெட்டாத ஊழிகளை அடுக்கித் திருமாலின் பழமையைப் பாடுகிறது; சமணர் அதனினும் குறையாத விரிவைக் கண்முன் நிறுத்திப் படைத்தவன் இல்லை என்றனர். ஒரே மொழி வழங்கிய நிலத்தில், ஒரே விரிவைக் கண்டு, இரு முடிவுகள்.

நம் காலத்திலும் இதே கதைதான். விரிந்துவரும் அண்டம் ஒரு நுண்ணிய தொடக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டுமென்று 1931இல் சொன்ன ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்புக்குச் சான்று தருவதாகப் பேசியபோது, மகிழ வேண்டிய அந்தப் பாதிரியாரே கவலையுற்றார்; தம் கோட்பாட்டைச் சமயத்தோடு இணைக்க வேண்டாமென்று முயன்று தடுத்தார். அவருக்கு நம்பிக்கை குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. நாளை மாறக்கூடிய ஒரு கணக்கின்மேல் தம் கடவுளை நிறுத்த அவர் விரும்பவில்லை, அவ்வளவே. நம்மவரில், ஈரோட்டில் பிறந்த இராமானுசன் தம் கணிதத்தை நாமகிரித் தாயாரின் அருளென்றார். விண்மீன்களின் முடிவைக் கணித்து 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர் தம்மை நாத்திகரென்றே கருதினார். காவலூரில் 1988இல் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று இராமானுசன் பெயரைத் தாங்கி இப்போதும் சுற்றிவருகிறது. அது எந்தக் கட்சி என்று அதனிடம் கேட்க முடியாது.

*

இனி அப்பாவின் கேள்வி. மாணவரின் வாதத்தை மறுத்தவுடன், "பார்த்தீர்களா, இவ்வளவு பெரிய வெளியில் நாம் ஒரு பொருட்டா? ஆகவே எவனும் இல்லை" என்று மகிழும் நண்பர்கள் நமக்கு உண்டு. நாமும் நெடுங்காலம் அக்கட்சியில் இருந்தோம், அப்பாவிடம் சொன்னதில்லை. ஆனால் அதுவும் அதே பிழைதான். பருமையைப் பெருமையின் அளவாகக் கொள்வது இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கிறது. வியாழன் நம் பூமியைப் போல் பதினோரு மடங்கு அகலமுள்ளது. அதனால் அது பதினோரு மடங்கு முக்கியமானது என்று எவரும் சொல்வதில்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை வீட்டிலேயே சிறிய ஆள். வீடு முழுவதும் அதன் அழுகைக்குத்தான் எழுந்து ஓடுகிறது.

அண்டம் ஏன் இவ்வளவு பெரிது என்பதற்கு இயற்பியலார் ஒரு காரணம் சொல்வதுண்டு. உயிருக்கு வேண்டிய கரியும் இரும்பும் தொடக்கத்தில் இல்லை. அவை விண்மீன்களில் சமைந்து, அவ்விண்மீன்கள் சிதறி, அத்தூசிலிருந்து புதிய விண்மீன்களும் கோள்களும் உருவாக வேண்டும். 1957இல் பர்பிட்ஜ் இணையர், ஃபௌலர், ஹாயில் ஆகிய நால்வர் எழுதிய கட்டுரை இதை விரிவாக நிறுவியது. இதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு காலம் விரிந்துகொண்டே இருக்கும் அண்டம் பெரிதாகத்தான் இருக்கும். அண்டத்தின் அகவை 1380 கோடி ஆண்டுகள். அதன் அகலம் அவ்வகவையின் மறுபக்கம். அம்மாவின் இரத்தத்தில் இரும்பு குறைந்து ஊசி போட்ட நாள்களில் இதை நாம் எண்ணியதில்லை; பிறகு எண்ணினோம். அந்தச் சிறு குப்பியில் இருந்தது ஏதோவொரு விண்மீன் செத்துத் தந்தது. இதைக் கொண்டு இறைவன் உண்டென்றும் சொல்லிவிட முடியாது, இல்லையென்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அண்டத்தின் பருமையும் நம் சிறுமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்றில்லாமல் மற்றொன்று வந்திருக்காது என்பது மட்டும் விளங்கியது.

மணிவாசகரும் தூசோடு நின்றுவிடவில்லை என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்துணைப் பெரியவன் எளியவனாகித் தம்மைத் தேடிவந்து ஆட்கொண்டான் என்பதை நோக்கித்தான் அப்பகுதி நடக்கிறது. அப்பாவின் விலாசக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விடை அது. அதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. நமக்கு நம்பிக்கையில்லாத ஒரு விடையை, நம்பிக்கை ஆடிப்போன ஒருவரிடம், இலக்கியம் என்ற பெயரில் கொடுப்பது நேர்மையாகத் தோன்றவில்லை. மேலும் அப்பா கேட்டது அண்டத்தைப் பற்றியே அன்று. இரண்டரை ஆண்டுகள் ஏற்றிய விளக்குகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்டார்.

பக்குடுக்கை நன்கணியாரிடம் நாம் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். தமிழில் படைத்தவனைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய பேச்சுகளில் ஒன்று, வானத்தின் விரிவைக் கண்ட வியப்பிலிருந்து பிறக்கவில்லை. அடுத்தடுத்த இரு வீடுகளின் பறையொலியிலிருந்து பிறக்கிறது. இரந்துதான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே அலைந்து கெடட்டும் என்று சினக்கும் வள்ளுவரின் 1062ஆம் குறளும் அவ்வகையே. படைத்தவன் உண்டா என்னும் வினா நம்மவருக்கு முதன்மையாக வானியல் வினாவாக இருந்ததில்லை. நியாயம் கேட்கும் வினாவாக இருந்திருக்கிறது. தொலைநோக்கியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த வினாவுக்கு விடை அதில் தெரியாது.

வகுப்பில் அன்று இவ்வளவும் சொல்லவில்லை. "பெரிசா இருக்கிறதனால உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. புலவர் அளவைப் பார்க்கல, அழுகிறவங்களைப் பார்த்தார். அங்கேயிருந்து யோசிங்க" என்றோம். மாணவர் முழு நிறைவடையவில்லை. அது நல்லதே.

*

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் குறையாகிவிடும். மூன்றாம் திங்கட்கிழமை காலை அவர் எண்ணெய்க் குப்பியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வியப்பை மறைத்துக்கொண்டு கேட்டோம்: "என்னப்பா, விலாசம் தெரிஞ்சுதா?"

"தெரியல கண்ணு" என்றார். "விலாசம் சரியில்லாத கடுதாசி எத்தனையோ வரும். திரும்பிப் போவும். அதுக்காகப் போடுறவங்க நிறுத்திட்டாங்களா?"

இப்போது முழங்கால் வலியால் அவரால் தனியே படியேற முடிவதில்லை. நாமும் உடன் செல்கிறோம். அவர் சந்நிதிக்குள் செல்வார். நாம் வெளியே அமர்ந்து, கீழே சேலத்துக்கும் பெங்களூருவுக்குமாய் ஓடும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். இருட்டிவிட்டால் சில விண்மீன்களும் தெரியும். உள்ளே வரும்படி அவர் நம்மை அழைத்ததில்லை. நாமும் அவரை விரைவுபடுத்துவதில்லை.